ரப்பர் பால் பூசிய லென்ஸ்

விடியுமுன் இருட்டில் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் தலையில் கட்டும் லைட்டுக்கு லென்ஸ் வடிவமைத்தேன். ஒவ்வொரு வளைவிலும் ஒளி எப்படித் திரும்புகிறது என்று மென்பொருளில் மூன்று மாதம் பார்த்ததில் கண் எரிந்தது. மாதிரி லைட்டை, கீரிப்பாறையில் பால் வெட்டும் செல்வி அக்காவிடம் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்துப் போனேன். லென்ஸில் ரப்பர் பால் காய்ந்து மங்கிக் கிடந்தது. “தொடைச்சு வைக்கக்கூடாதா அக்கா?” என்று எரிந்து விழுந்தேன்.

“நான்தான் பால எடுத்து தேச்சேன் மக்கா. வெட்டுன எடத்துல பால் வெள்ளையா வடியும்லா, ஒனக்க வெளிச்சம் அதுல பட்டு கண்ணுல அடிக்கு. மொத நாளே கத்தி ஆழமா எறங்கி மரம் காயப்பட்டு, ஏச்சும் வாங்குனேன். ஒனக்கு சங்கடமாவும்னு சொல்லல்ல.”

திரும்பும் பஸ்ஸில் அசதியாகச் சாய்ந்திருந்தேன். மென்பொருளில் லட்சம் கதிர்களை விட்டிருந்தேன். அவை விழ ஒரு சாம்பல்நிறப் பலகையும் வைத்திருந்தேன். பார்க்கிற கண்ணை எங்கேயும் வைக்கவில்லை.