ஜப்பான் ஐயா பிரேதமாகக் கிடந்த நாள்

பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் எங்கள் ஆட்களுக்குப் படம் எடுக்கும் பைத்தியம் உண்டு. கிழமை முழுக்கக் கடையில் மரக்கறிப் பெட்டி தூக்குபவன் ஞாயிற்றுக்கிழமையானால் இயக்குநர் ஆகிவிடுவான். யாராவது ஒருவனிடம் கமரா இருக்கும். வில்லனாக நடிக்கக் கேட்டால் சந்தோஷமாக வருவார்கள். குடிகாரனாக நடிக்க ஒத்திகையே தேவையில்லை. ஆனால் பிரேதமாகக் கிடக்க ஒரு மனிதரும் வரமாட்டார் என்பதை, என் குறும்படத்தை எழுதி முடித்த பிறகுதான் அறிந்தேன்.

நான் எழுதியது ஒரே ஒரு காட்சிதான். ஊருக்குத் திரும்பி வரும் மூத்த மகன், அப்பாவின் பிரேதத்துக்கு வாய்க்கரிசி போடுகிறான். அவ்வளவுதான் கதை. என் அப்பா யாழ்ப்பாணத்தில் இறந்தபோது நான் இங்கே உணவகத்தில் பரிமாறிக்கொண்டிருந்தேன். என் அகதிப் பத்திரத்தோடு எந்த நாட்டுக்கும் போகலாம், பிறந்த நாட்டைத் தவிர. தம்பி கொள்ளி வைத்தான். நான் தொலைபேசியில் பார்த்தேன். பிரேதத்தைத் தூக்குகிற நேரம் பார்த்து இணைப்பு அறுந்துபோனது. எனக்கு அழுகை வரவில்லை. அன்றும் வரவில்லை, பிறகு வந்த வருடங்களிலும் வரவில்லை. பெற்ற தகப்பனுக்கு அழாதவன் என்ன மனிதன் என்று என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் காட்சியில் மகனாக நானே நின்று பார்த்தால் ஏதாவது வழி பிறக்கும் என்று ஒரு எண்ணம்.

முதலில் ஓல்னேயில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணரைக் கேட்டேன். அவரிடம் அப்பாவின் சாடை உண்டு.

"எனக்குப் பிரச்சினையில்லைத் தம்பி. ஆனா மனிசி விடமாட்டா. இப்பவே படியேற நெஞ்சு இடிக்குது. நீ வேறை என்னைப் பாடையிலை படுக்கச் சொல்லுறாய்" என்றார்.

திரான்சியில் இருக்கும் மன்னார் நண்பர் கத்தோலிக்கர். அவருக்கு இந்தச் சகுனமெல்லாம் இருக்காது என்று நம்பிப் போனேன். "நாங்கள் வேதக்காரர் எண்டாப்போலை எங்களுக்குச் சாகப் பயமில்லையோ?" என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணி தந்து அனுப்பினார். கேட்ட ஆட்களெல்லாம் கையை விரித்துவிட்டார்கள். வாடகைக்குச் செத்துத்தர ஒரு சங்கம் இருக்கக் கூடாதா என்று உணவகக் கல்லாவில் நின்று தொலைபேசியில் கமராக்காரனிடம் கத்தினேன்.

பக்கத்து மேசையில் ஜப்பான் ஐயா தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். மத்தியானங்களில் வருவார், சாம்பாரைக் குடித்துவிட்டுத்தான் தோசையைத் தொடுவார். மேல் தெருவில் ஒரு சின்ன அறையில் தனியாக இருந்தார். மனைவி பிரெஞ்சுக்காரி. அந்த அம்மா இறந்த பிறகும் அவர் ஊர் திரும்பவில்லை. இவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

அன்று கல்லாவுக்கு வந்து, ஏன் கோபம் என்று பிரெஞ்சில் கேட்டார். சொன்னேன். அவர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "சாவதா? அதுதானே என் தொழில்" என்றார்.

எனக்குப் பகிடி என்றுதான் பட்டது. அவர் தன் கைபேசியில் ஒரு பழைய தொலைக்காட்சித் தொடரைக் காட்டினார். கதாநாயகன் வாளைச் சுழற்றுகிறான், நாலைந்து பேர் வெட்டுப்பட்டு விழுகிறார்கள். மூலையில் முதுகை வில்லாக வளைத்துச் சரிகிற மெல்லிய இளைஞனை விரலால் தொட்டு, "நான்" என்றார்.

கியோட்டோவில் ஒரு படப்பிடிப்புத் தளத்தில் சேர்ந்தபோது அவருக்கு மீசை அரும்பவில்லையாம். வாள்சண்டைத் தொடர்கள் கொடிகட்டிப் பறந்த காலம். தினமும் யாராவது செத்தாக வேண்டும். காலையில் கொள்ளைக்காரனாகச் செத்து, மத்தியானம் ஒப்பனையை மாற்றிக் காவலாளியாகச் சாவாராம். சினிமாவிலும் அதே வேலைதான். ஒரு படத்தில் மீன் விற்பவராக வசனம் பேசியிருக்கிறார். பிற்பாடு பொலிஸ் தொடர் ஒன்றில் அதிகாரிக்குத் தேநீர் கொண்டுவரும் குமாஸ்தாவாகப் பல வருடம் வந்தார். தெருவில் சனம் அவரை அடையாளம் கண்டு சிரித்தது அந்தத் தேநீருக்காகத்தான். வாள்சண்டைத் தொடர்கள் நின்றபோது அவர் வேலையும் நின்றது. படமொன்றுக்கு உடை தைக்க வந்த பிரெஞ்சுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டார்.

"முகம் ஜப்பான் முகமாக இருக்கிறதே, பரவாயில்லையா?" என்று அவரே கேட்டார். அன்றிரவு வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

பதில் என் மனைவியிடமிருந்து வந்தது, கோபத்தோடு.

"உயிரோடை இருக்கிற மனிசனுக்கு வாய்க்கரிசி போடப்போறியளோ? உங்களுக்கென்ன விசரே? நடிப்பெண்டாலும் நான் விடமாட்டன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். காட்சியை மாற்றினேன். மகன் வாய்க்கரிசி போடமாட்டான், காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். கமராவுக்குப் பாதங்கள் மட்டும் போதும். முகப் பிரச்சினையும் தீர்ந்தது. பாதத்தின் நிறத்தைப் பற்றிக் கேட்டதற்கு, "கறுப்பு வெள்ளையிலை எடுப்பம் அண்ணை, ஆருக்குத் தெரியப்போகுது" என்றான் கமராக்காரன்.

ஒபர்வில்லியேயில் ஒரு நண்பரின் துணிக் கிடங்கில் படப்பிடிப்பு. நல்ல குளிர். மேசையில் வெள்ளை வேட்டி விரித்து, தலைமாட்டில் குத்துவிளக்கு வைத்தோம். ஜப்பான் ஐயா சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி ஒழுங்காக அடுக்கிவிட்டு, எல்லோருக்கும் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு ஏறிப் படுத்தார். கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் ஏன் கட்டுகிறோம் என்று விசாரித்தார். கால் விலகாமல் இருக்க என்றேன். நல்ல முறை என்றார். கால் மட்டும்தான் படத்தில் வரும், மேலே போர்வை போட்டுக்கொண்டு வசதியாக இருங்கள் என்று சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

"கால் மட்டும் தனியாகச் சாகாது" என்றார். "மூச்சைப் பிடிக்கவும் கூடாது. பிடித்தால் விட வேண்டி வரும். அடிவயிற்றால் மெல்ல விட வேண்டும். இத்தனை வருடத்தில் நான் ஒரு தடவையும் அசைந்ததில்லை."

கண்ணை மூடினார். பிறகு அந்த மேசையில் ஆள் இல்லை. என் மனைவி பயந்துபோய் என் சட்டையைப் பிடித்தாள்.

நான் வாசலிலிருந்து நடந்து வந்தேன். குனிந்து பாதங்களைத் தொட்டேன். கண்ணில் ஒற்றிவிட்டு விலக வேண்டும், அதுதான் நான் எழுதியது. ஆனால் குதிக்கால் இரண்டும் பித்தவெடிப்பால் பிளந்திருந்தன. வாள்சண்டைக் காட்சிகளில் வைக்கோல் செருப்போடு எத்தனை வருடம் ஓடி ஓடி விழுந்த கால்களோ. என் அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்தது. அம்மா நல்லெண்ணெய் பூசச் சொல்லி ஏசுவா, அவர் கேட்கமாட்டார். என் உள்ளங்கையில் அந்த வெடிப்பு உரசியது. நெற்றியைப் பாதத்தில் வைத்து, "அப்பா, நான் வந்திட்டன்" என்றேன். அது வசனத்தில் இல்லை. குரலெடுத்து அழுதேன். ஒருவரும் என்னைத் தூக்கவில்லை. கமராக்காரன் நிறுத்தச் சொல்ல மறந்துபோனான்.

அழுகையின் நடுவில் ஐயாவின் பெருவிரல்கள் இரண்டும் அந்தக் கட்டுக்குள் சுருண்டு, என் கன்னத்தை அழுத்தின.

நான் நிமிர்ந்தபோது அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். முகம் முழுக்க வெட்கம். கால் கட்டோடேயே என்னைப் பார்த்துக் குனிந்து மன்னிப்புக் கேட்டார். "அசைந்துவிட்டேன். படம் கெட்டுப்போயிற்று" என்றார்.

பரவாயில்லை என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"எத்தனையோ தடவை செத்திருக்கிறேன். கதாநாயகன் என்னைத் தாண்டிப் போய்விடுவான். கமராவும் அவனோடு போய்விடும். எனக்காக ஒருவர் அழுதது இன்றைக்குத்தான். எனக்குப் பழக்கமில்லை."

என் மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து வந்து அவருக்கு நாவூறு கழித்தாள். செத்தவீட்டுக்குப் போய் வந்தால் தங்கள் ஊரிலும் உப்புத் தூவிக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைவார்கள் என்று அவர் சொன்னார். அவளுக்கு அது போதும், அவர் சொந்தக்காரர் ஆகிவிட்டார்.

அவருடைய தொழில் மானத்துக்காக இன்னொரு தடவை எடுத்தோம். அவர் கல்லாகக் கிடந்தார். எனக்குத்தான் அழ ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. முறைப்படி தொட்டு, ஒற்றி, விலகினேன். படத்தில் இருப்பது அதுதான். பார்த்தவர்கள் சுமாராக இருக்கிறது என்றார்கள். இருக்கட்டும். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அதைத் தந்த மனிதருக்கு நான் சாகும்வரை நன்றி உள்ளவன்.

விளக்கை அணைத்ததும் எனக்கு அகோரப் பசி எடுத்தது. எங்கள் வழக்கத்தில், பிரேதம் வீட்டை விட்டுப் போகும்வரை அடுப்பு மூட்டுவதில்லை; பிறகு அயலவர்தான் சோறு கொண்டுவந்து பரிமாறுவார்கள். அப்பா இறந்த அன்று நான் உணவகத்தில் ஊருக்கெல்லாம் பரிமாறினேன், எனக்கு ஒருவரும் பரிமாறவில்லை. மனைவி கட்டிக்கொண்டு வந்த சோற்றுப் பொட்டலங்களை மேசையில் வைத்தாள். ஐயா கால் கட்டை அவிழ்த்து, கை கழுவிவிட்டு வந்து, எனக்கு முன்னால் ஒரு தட்டை வைத்தார். "மகன் முதலில் சாப்பிட வேண்டும்" என்று சொல்லி, செத்தவரே எனக்குச் சோறு போட்டார்.