கொடி முந்தி வந்த மதியம்

ரோடு போடும் கம்பெனியில் சைட் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் இன்னமும் போன் போட்டுச் சந்தேகம் கேட்கிறார்கள். தார் கலவை, ரோலர் ஓட்டம் என்று எதைக் கேட்டாலும் மணிக்கணக்கில் அளப்பேன். டிராஃபிக்கை எப்படிச் சமாளிப்பது என்று கேட்டால் மட்டும் ஒரே வரியில் முடித்துக்கொள்வேன். போயும் போயும் என்னைக் கேட்கிறார்களே என்றிருக்கும்.

நான் வேலையில் இருந்தபோது, புதுக்கோட்டை - அறந்தாங்கி ரோட்டில் பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுசு போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு பாதி சுரண்டிப் பள்ளமாகக் கிடக்கும். மறு பாதியில்தான் வண்டிகள் போகவேண்டும், ஒரு நேரத்தில் ஒரு பக்கத்திலிருந்து மட்டும். நடுவில் வளைவு இருந்ததால் இந்த முனையிலிருந்து அந்த முனை தெரியாது. போன் சிக்னல் இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. வாக்கி டாக்கி கேட்டேன், ஆபீசில் தரவில்லை.

நான் சும்மா இருப்பேனா? மூளையைக் கசக்கி ஓர் ஏற்பாடு செய்தேன். நான் விடுகிற வரிசையில் கடைசி வண்டிக்காரர் கையில் ஒரு சிவப்புக் கொடியைக் கொடுத்தனுப்புவேன். அது அந்த முனையில் வண்டிகளை நிறுத்தி விடும் எங்கள் ஆள் செல்வியின் கைக்குப் போனால் பாதை காலி என்று அர்த்தம். அவள் தன் பக்கத்து வண்டிகளை விடலாம். அவளுடைய கடைசி வண்டியில் கொடி என்னிடம் திரும்பி வரும்.

"கொடி வராம கலெக்டரே வந்தாலும் விடாத. வந்துருச்சுன்னா யாரையும் கேக்காத, விட்டுரு," என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். சில நாட்கள் ஜோராக ஓடியது. டீக்கடை டீக்கடையாக நானே இதைச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டேன்.

ஒரு நாள் மதியம் சப்ஸ்டேஷனுக்கு டிரான்ஸ்ஃபார்மர் ஏற்றிய டிரெய்லர் ஒன்று என் முனைக்கு வந்தது. திறந்திருந்த பாதி ரோடு அதன் அகலத்துக்கே சரியாக இருந்தது. நடக்கிற வேகத்தில்தான் நகரும். அதன் பின்னால் திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து வந்த டாக்சி. அதற்கும் பின்னால் மொபெட்டில் ஒரு பெரியவர். கடைசி வண்டி அவருடையது. கொடியை அவரிடம் கொடுத்தேன்.

"அங்கிட்டு ஒரு பொண்ணு நிக்கும். அதுகிட்ட குடுத்துருங்கய்யா."

"குடுத்துர்றேன் தம்பி. அதுக்கென்ன."

சொன்னபடியே கொடுத்தார். மொபெட்டைச் சுரண்டிய பக்கம் இறக்கி, டாக்சியையும் டிரெய்லரையும் முந்திக்கொண்டு போய்க் கொடுத்தார். மொபெட் முந்தும் என்பது, ஆயுசு முழுக்க ரோட்டிலேயே கிடந்த இந்த மேதைக்குத் தோன்றவில்லை. செல்வி கொடியை வாங்கினாள், தன் பக்கத்தைத் திறந்துவிட்டாள்.

வெகுநேரமாகியும் கொடி திரும்பி வராததால், என் முனையில் ஓர் ஆளை நிறுத்திவிட்டு நான் பைக்கில் போய்ப் பார்த்தபோது டிரெய்லரும் ஒரு காரும் முட்டாத குறையாக நின்றன. காருக்குப் பின்னால் பஸ், லாரி, டிராக்டர் என்று வளைவு வரைக்கும் வரிசை. டிரெய்லர் பின்னால் நகராது. வரிசைதான் ஒவ்வொன்றாகப் பின்வாங்க வேண்டும். செல்வி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"கொடி வந்தா விடச் சொன்னது நீங்கதானே சார்?"

நான்தான். இன்றைக்கு யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: கொடியைக் கொடுத்தனுப்பாதே, கடைசி வண்டியாக நீயே போ.

அது டிரைவரோடு வந்த வாடகைக் கார். அதிலிருந்து குமார் என்பவர் இறங்கினார். கூடவே அவர் மனைவி மலர், இடுப்பில் குழந்தை.

"சார், சௌதிக்குப் போறேன். லீவு முடிஞ்சுபோச்சு. இன்னிக்கு பிளைட் ஏறலைன்னா வேல போயிரும். எம்புட்டு நேரமாகும்?"

"இந்தா, இப்ப ஆயிரும்," என்றேன்.

"எப்புடி சார் ஆகும்? பின்னால எத்தன வண்டி நிக்கிதுன்னு பாருங்க," என்றாள் மலர்.

நான் பின்னால் நின்ற வண்டிகளை எண்ணத் தொடங்கினேன். அதற்குள் டாக்சியில் வந்தவர் டிரெய்லரைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார். துபாயிலிருந்து அன்று காலைதான் இறங்கியவர். விஷயத்தைக் கேட்டதும் குமாரைப் பார்த்து, "இதுக்கு ஏண்ணே யோசிக்கிறீங்க? என் வண்டி திருச்சி வண்டிதான், பின்னால பாதை காலியாக் கெடக்கு. நீங்க அதுல ஏறிப் போங்க. நா ஒங்க கார்ல ஊருக்குப் போயிக்கிறேன்," என்றார்.

சுரண்டிய பள்ளத்தில் இறங்கி, குமாரின் பெட்டியைத் தலையில் வைத்து டாக்சிக்குக் கொண்டுபோனேன். திரும்பி வரும்போது தலையில் துபாய்க்காரரின் டி.வி. இருந்தது. ரோலர் டிரைவர் வேலையை நிறுத்திவிட்டு என்னை வேடிக்கை பார்த்தார்.

டாக்சி திருச்சியோடு நின்றுவிடும். மலரும் அதில் போனால் குழந்தையோடு ஊர் திரும்புவது பெரும்பாடு. ஏர்போர்ட் வாசல் வரைக்கும் கூடப் போக வந்தவள், டிரெய்லர் டயரை ஒட்டி, தார் வாடையில் நின்று வழியனுப்பினாள். குமார் குழந்தையை வாங்கி முத்தம் கொடுத்தார். "போயிட்டு வாரேன்," என்றார். குழந்தை அவர் சட்டையை விடவில்லை. மலர்தான் விரலைப் பிரித்துவிட்டாள். திருச்சி வரைக்கும் அவர்கள் ஒன்றாக உட்கார்ந்து போயிருக்க வேண்டிய நேரத்தை நான் பிடுங்கிவிட்டேன். அங்கே நிற்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

வரிசை பின்வாங்கி முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. மலரின் போன் அடித்தது. பேசிவிட்டு, "ஏர்போர்ட்டுக்குள்ள போயிட்டாராம்," என்று துபாய்க்காரரிடம் சொன்னாள்.

நான் பக்கத்தில் போனேன். "மன்னிச்சுரும்மா. தப்பு எம்மேலதான்."

அவள் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, சுரண்டிக் கிடந்த ரோட்டைப் பார்த்தாள்.

"ரெண்டு வருசங்கழிச்சு இந்த வழியாத்தான் சார் அவரு வருவாரு. அன்னிக்கும் தோண்டிப் போட்டு வச்சுராதீங்க."