சாயங்காலத்தில் கனக்கும் தூக்குப்போசி

நாற்பத்து நான்காவது வயதில், பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி கையில் இருந்த சோற்றுப் பாத்திரத்தை, எங்கள் பக்கத்துப் பேச்சில் தூக்குப்போசியை, தொடர்ந்து மூன்று கிலோமீட்டர் மொபெட் ஓட்டியிருக்கிறேன். அவள் நடந்து போனாள். நடக்கிறவர் வேகத்துக்கு மொபெட்டை ஓட்டுவது சாமானிய வேலை இல்லை. இரண்டு தடவை வண்டி அணைந்து போயிற்று. ஒரு நாய் என்னை முந்திக்கொண்டு போய், நின்று, திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி நடந்தது. இதையெல்லாம் நான் செய்தது கல்வியின் பொருட்டு.

அப்போது முதலிபாளையம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் பர்சனல் ஆபீசராக இருந்தேன். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். வருகைப் பதிவேடு, லீவு லெட்டர், இவற்றோடு இன்னொரு வேலையும் உண்டு. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர், கம்பெனியைச் சோதிக்க ஆடிட்டுக்கு ஆள் அனுப்புவதற்கு முன்னால், தொழிலாளிகளை வரிசையாக உட்கார வைத்துப் பதில்களை மனப்பாடம் செய்விப்பது. வயது என்ன? பதினெட்டுக்கு மேலங்க. குடிதண்ணீர்? எந்நேரமும் கிடைக்குதுங்க. மேனேஜர் எப்படி? தங்கமானவருங்க. கடைசிப் பதில் நான் சொல்லிக் கொடுத்ததல்ல. அவர்களாகச் சேர்த்துக்கொண்டார்கள், மேனேஜரும் ஆட்சேபிக்கவில்லை.

அந்த நேரத்தில் செக்கிங் பகுதியில் நூல் பிசிறு வெட்டும் ட்ரிம்மர்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. சின்னக் கத்தரிக்கோல் மாதிரியான சாமான். தொலைந்தால் யாரும் அழமாட்டார்கள். நான் மட்டும் அதில் ஒரு சமூகப் பிரச்சினையைக் கண்டேன். தபால் வழியில் குற்றவியல் பட்டயப் படிப்பில் சேர்ந்தேன். இளம் வயதினர் ஏன் குற்றத்துக்குத் திரும்புகிறார்கள் என்று முப்பது பேரை விசாரித்துக் கட்டுரை எழுத வேண்டும் என்றார்கள். எங்கள் கம்பெனியில் பதினெட்டுக்குக் கீழே ஒருவரும் கிடையாது என்று என் கையாலேயே சுவரில் எழுதி மாட்டியிருந்ததால், பதினெட்டைச் சமீபத்தில் தாண்டியவர்களிடம் அவர்களுடைய பழைய நாட்களைக் கேட்பது என்று முடிவு செய்தேன்.

கேள்வித்தாளோடு போய் உட்கார்ந்தால், பாவம், அவர்கள் அதை ஆடிட் என்றே நினைத்தார்கள்.

"குடும்பத்துல யாராச்சும் ஜெயிலுக்குப் போயிருக்காங்களா?"

"எங்க ஊட்ல எல்லாருக்கும் பதினெட்டு முடிஞ்சுதுங்க சார்."

"சின்ன வயசுல அடி வாங்குனதுண்டா?"

"முதலுதவிப் பெட்டி செவுத்துல இருக்குதுங்க."

உலகத்தில் குற்றமே நிகழாத ஒரே இடம் எங்கள் செக்கிங் பகுதிதான் என்று தோன்றியது. மனப்பாடம் செய்வித்தவனே பரீட்சையும் வைத்தால் இப்படித்தான் ஆகும். ஆனால் எனக்கு உறைக்கவில்லை. சந்தேகம்தான் வந்தது. இவ்வளவு நல்லவர்கள் எதையோ மறைக்கிறார்கள்.

பதினேழாவதாக வந்தவள்தான் அந்தப் பெண். சங்கரன்கோவில் பக்கமிருந்து குடும்பத்தோடு பிழைக்க வந்தவள். அவள் மட்டும் பதிலை யோசித்துச் சொன்னாள்.

"எங்க சித்தப்பா ஜெயிலுக்குப் போயிருக்காரு சார்."

"எதுக்கு?"

"கொழாயடிச் சண்டை."

"நீ எதையாச்சும் திருடியிருக்கியா?"

"சின்ன வயசுல மாங்கா."

"இங்க வந்த பொறகு?"

அவள் மின்விசிறியைப் பார்த்தாள். "எத எடுத்தா திருட்டுன்னு சொல்லுதீக?"

பாடப் புத்தகத்தில் அதற்கு அரைப் பக்க விளக்கம் இருந்தது. ஒரு வரியும் ஞாபகம் வரவில்லை. "கேள்வி கேக்கறது நானு" என்றேன்.

"அப்பத் தெரியலன்னு எழுதிக்கிடுங்க."

நான் வேறு மாதிரி எழுதிக்கொண்டேன். குடும்பத்தில் குற்றப் பின்னணி. குற்ற உணர்வு. மறைக்கும் இயல்பு. அபாயம் அதிகம்.

அன்றிலிருந்து அவளைக் கவனித்தேன். காலையில் வரும்போது தூக்குப்போசி கையில் வீசி வீசி ஆடும். சாயங்காலம் போகும்போது ஆடாது. சாப்பிட்டு முடித்த பாத்திரம் காலையைவிட எப்படிக் கனக்கும்? மற்றவர்கள் மினி பஸ்ஸில் முண்டியடித்து ஏறுவார்கள்; இவள் ஏறமாட்டாள். போசியை உடம்பிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, முட்டை மேல் நடப்பதுபோல நடப்பாள். உள்ளே ட்ரிம்மர்கள் கிலுகிலுக்காமல் இருக்கத்தான் என்று தீர்மானித்தேன். மொபெட் பயணம் அதன் பிறகு நடந்தது. வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றுக்குள் அவள் நுழைந்ததோடு என் ஆராய்ச்சி முட்டுச்சந்தில் நின்றது.

மறுநாள் மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அதுவரை என் படிப்பைப் பற்றி, "ஏனுங்க, இதை முடிச்சா போலீஸ்ல சேத்துக்குவாங்களா?" என்று மட்டும் விசாரித்திருந்தவர், முதல் தடவையாக என் காகிதத்தை முழுதாகப் படித்தார்.

அன்று சாயங்காலம் கேட்டில், ஷிப்டு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, செக்யூரிட்டி அவளுடைய போசியைத் திறந்தார். விளிம்புவரை தண்ணீர். விரலை விட்டு நக்கிப் பார்த்தார்.

"தண்ணிங்க."

"நல்லாப் பாருங்க" என்றார் மேனேஜர்.

செக்யூரிட்டி குரோட்டன்ஸ் தொட்டியில் அதைக் கவிழ்த்தார். "அடி வரைக்கும் தண்ணிதானுங்க."

அவள் போசியைப் பார்க்கவில்லை. நனைந்த தொட்டியையே பார்த்தாள். "தம்பிக்கு மஞ்சக்காமாலை சார். நல்ல தண்ணிதான் குடுக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. கொழாய்த் தண்ணி பத்து நாளைக்கு ஒருக்கா வருது. போர் தண்ணில சாயப்பட்டறைத் தண்ணி கலந்து இந்த வாரம் செவப்பா வருது."

ஆடிட்டுக்காக நாங்கள் வாங்கி வைத்த ஃபில்டரில் பிடித்த தண்ணீர். மேனேஜர் என்னைப் பார்த்தார். இத்தனை பேர் முன்னால், திருட்டைப் பிடிக்கப் போய் வெறும் தண்ணீரைப் பிடித்ததாக ஆகிவிடக் கூடாது என்ற கவலை அவர் முகத்தில் ஓடியது.

"எதா இருந்தாலும் கேட்டத் தாண்டுனா கம்பெனிப் பொருளுதானே? நாளைல இருந்து வர வேண்டாம் கண்ணு."

எங்கள் ஊரில் வேலையைவிட்டு நிறுத்தும்போதும் மரியாதை குறையாது. ஆனால் கேட்டில் பிடிபட்டவள் என்ற பேரோடு அந்த ரோட்டில் வேறு எந்தக் கம்பெனியிலும் அவள் கால் வைக்க முடியாது. அது மேனேஜருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அவள் போசியை மூடிக்கொண்டு போனாள். இப்போது அது வீசி ஆடிற்று.

மறுநாள் காலை அந்தக் கேள்வித்தாள்களைக் கிழிக்கலாமென்று மேஜை டிராயரைத் திறந்தேன். அவற்றுக்கு அடியில் ஒரு ட்ரிம்மர் கிடந்தது. போன மாதம் நகம் வெட்டச் செக்கிங்கிலிருந்து நான் எடுத்து வந்தது. மற்றவை எங்கே போயின என்று இன்றுவரை தெரியாது. இந்த ஒன்றைப் பொறுத்தவரை துப்புத் துலங்கிவிட்டது.

மேனேஜரிடம் போனேன். "அந்தப் பொண்ணை நிறுத்துனதுக்குக் காரணம் ரெஜிஸ்டர்ல எழுதணுங்க. வியாழக்கிழமை ஆடிட். குடிக்கத் தண்ணி எடுத்ததாலன்னு எழுதிடட்டுங்களா?"

அவர் சுவரைப் பார்த்தார். போதுமான குடிநீர் எப்போதும் வழங்கப்படும் என்று என் கையெழுத்து அங்கே தொங்கிக்கொண்டிருந்தது.

"வேற எதாச்சும் எழுதுங்க."

"வேற இருக்கறது நான் குடுத்த பேப்பர்தானுங்க. அது பூராத் தப்பு."

"அப்ப நீங்க படிச்ச படிப்பு?"

"அதுந்தானுங்க."

பேனாவை உருட்டினார். "செரி, வரச் சொல்லுங்க. தண்ணியும் புடிச்சுக்கட்டும். ஆடிட் முடியற வரைக்கும்."

உடனே மொபெட்டை எடுத்துக்கொண்டு லைன் வீட்டுக்குப் போனேன். வாசலில் குடத்தோடு நின்ற ஒரு பெண்மணி வழியை மறித்தார்.

"இந்த ஆளுதானுங்க. அன்னிக்கி வண்டிய உருட்டிக்கிட்டே புள்ள பொறகால வந்தது."

சுற்றிலும் நாலைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். சுவரில் கரியால் என் வண்டி நம்பர் எழுதியிருந்தது. பக்கத்திலேயே கிழமையும் நேரமும். என் குறிப்பேட்டைவிட ஒழுங்கான பதிவு. நான் யார், என்ன வேலை, கல்யாணம் ஆகிவிட்டதா என்று மாறி மாறிக் கேட்டார்கள். சொன்ன பதில் எதையும் அவர்கள் நம்பவில்லை. எனக்கு யாரும் மனப்பாடம் செய்வித்திருக்கவில்லை.

சத்தம் கேட்டு அந்தப் பெண் வெளியே வந்தாள். "எங்க கம்பெனி சார்தான், விடுங்க" என்றாள். பிறகு என்னிடம், "அன்னைக்கு நீங்க பின்னால வந்தது எனக்கும் தெரியும் சார். ஓடியிருப்பேன். தண்ணி சிந்திரும்னுதான் ஓடல."

நாளைக்கே வேலைக்கு வரலாம் என்றேன். தப்பு என்னுடையது என்றேன். தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம் என்று சொல்லி, எதுவரைக்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவள் போசியை எடுத்துத் துடைத்து வாசலோரம் வைத்தாள்.

அவளுடைய அம்மா உள்ளே பாயில் மஞ்சள் கண்ணோடு படுத்திருந்த பையன் பக்கத்தில் உட்கார்ந்து, இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் எழுந்து வாசலுக்கு வந்து, என்னைப் பார்த்தார். என் மொபெட்டைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கும் வெறும் வண்டி, இன்னைக்கும் வெறும் வண்டி. இம்புட்டுத் தூரம் வந்ததுக்கு ஒரு கொடம் தண்ணியக் கட்டிட்டு வந்திருக்கலாம்லா?"