செல்வி வீட்டு வாசலில்

இலுப்பூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஆட்டோவில் ஒரு சிற்றூருக்குப் போகிறேன். தேர்தல் மேடைகளில் பேசப்படுவது உண்மையா, பொய்யா என்று விசாரித்து எழுதுவது என் வேலை. இந்த ஊர்ச் செல்வி, ஆம்புலன்ஸ் வராமல் பிரசவத்தில் இறந்துபோனதாக நேற்று ஒரு வேட்பாளர் பேசியிருக்கிறார். அந்த வீட்டாரிடம் போய் எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் மனம் கனக்கிறது.

ஆட்டோக்காரர் காட்டிய வீட்டு வாசலில் ஒரு பெண் கொடியில் குழந்தைத் துணிகளைக் காயப்போட்டுக்கொண்டிருக்கிறார். செல்வியின் வீடு இதுதானா என்று தயங்கிக் கேட்கிறேன்.

"நாந்தாங்க செல்வி. என்ன வேணும்?"

அங்கே கிடந்த கல்லில் அப்படியே உட்கார்ந்துவிடுகிறேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் வாய்விட்டுச் சிரிக்கிறார். எனக்கும் சிரிப்பு வருகிறது. உள்ளே சிணுங்கிய குழந்தையை இடுப்பில் எடுத்துக்கொண்டு, எனக்குத் தண்ணீர் கொண்டுவருகிறார்.

"அப்ப ஆம்புலன்ஸ் வந்துச்சுங்களா?"

"மெயின் ரோட்டோட நின்னுருச்சுங்க. மழையில ஒரே சகதி, இங்கிட்டு வர வழியில்லை. என்னையக் கட்டில்ல வச்சு அங்கிட்டு தூக்கிட்டுப் போனாங்க. பாதி வழியிலயே இவ பொறந்துட்டா."

அலுவலகத்துக்கு அனுப்ப, செல்போனில் 'பொய்' என்று அடிக்கிறேன். செல்வி எட்டிப் பார்க்கிறார்.

"நான் சாகலைன்னு எழுதுங்க. அதோட விட்றாதீங்க, ரோடு இல்லைங்கறதையும் எழுதுங்க. அது நெசந்தானே?"

அடித்த சொல்லை அழிக்கிறேன். 'செல்வியும் குழந்தையும் நலமாக இருக்கிறார்கள்' என்று தொடங்குகிறேன்.