பத்து வீட்டுத் தொட்டியும் வெள்ளிக்கிழமைப் பினாயிலும்

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே லயன் வீடுகளுக்குப் பினாயில் பழக்கிவிட்டவன் நான்தான். இதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் எரிச்சலோடு சொல்லப்போவதெல்லாம் அடுத்தவர்கள் செய்த கோளாறு மாதிரித் தோன்றும்.

அப்போது நான் சுகாதாரப் பகுதியில் ஓவர்சியர். ஒரு காக்கி அரைக்கால் சட்டை, ஒரு தொப்பி, அடிக்கடி செயின் கழன்றுவிடும் ஒரு சைக்கிள். ஒட்டி ஒட்டி வரிசையாகக் கட்டிய லயன் வீடுகளில் எல்லாம் வாளிக் கக்கூஸ். விடிவதற்குள் ஆள் வந்து வாளியை எடுத்துப்போக வேண்டும். மழை பெய்தால் வரமாட்டான், வந்தாலும் பாதி வழியில் சிந்திவிட்டுப் போவான். ஈ அங்கே உட்கார்ந்துவிட்டு நேராக அடுப்பங்கரைக்கு வரும். வயிற்றுக்கடுப்பு இல்லாத வீடு கிடையாது. அதற்கு என் கையில் இருந்த ஒரே ஆயுதம் பினாயில். வெள்ளிக்கிழமை காலையில் ஒரு பெரிய டின்னோடு போய் உட்காருவேன். பெண்கள் பாட்டிலோடு வரிசையாக வந்து வாங்கிப் போவார்கள். வாளியில் ஊற்றுங்கள், சாக்கடையில் ஊற்றுங்கள், கிருமியைக் கொல்லுங்கள் என்று பத்து வருஷம் தொண்டை வறளக் கத்தினேன்.

அவர்கள் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே கற்றுக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை வாசலில் சாணம் தெளிப்பதை விட்டுவிட்டு, பினாயில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டார்கள். ஸ்டேஷன் பிளாட்பாரம் கழுவிய வாசனை வீட்டில் அடித்தால்தான் ரயில்வேக்காரன் வீடு என்று ஒரு பெருமை வேறு. பெண் பார்க்க வந்தவர்கள், நடையில் பினாயில் மணக்கிறது, பெண் சுத்தக்காரி என்று சொல்லிவிட்டுப் போனதை நானே கேட்டிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது போல இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் புதிதாக ஒரு எஞ்சினியர் துரை வந்தார். வாளியை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று அவருக்கு உண்மையாகவே ஆசை. ஒரு வரிசைக்கு மட்டும், பத்து வீடுகளுக்கு, சங்கிலி இழுத்தால் தண்ணீர் கொட்டும் கக்கூஸ் கட்டினார். பத்துக்கும் சேர்த்துப் பின்னால் மண்ணுக்குள் ஒரு சிமெண்டுத் தொட்டி. முதல் அறையில் அழுக்கு அடியில் தங்கும். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதைத் தின்று கரைக்கும். மேலே தெளிகிற தண்ணீர் அடுத்த அறைக்குப் போய், எஞ்சின் ஷெட்டிலிருந்து அள்ளிவந்த கரிக்கட்டிச் சல்லிக்குள் சொட்டுச் சொட்டாக இறங்கி, கடைசியில் கிள்ளான் ஆற்றுக்குப் போகிற சாக்கடையில் விழும். ஆறு மாதம் பார்ப்போம், கடைசியில் வருகிற தண்ணீர் தெளிவாக இருந்தால் எல்லா வரிசைக்கும் கட்டிவிடலாம், இல்லாவிட்டால் பழையபடி வாளிதான் என்றார் துரை. அன்றைக்கு நான் சைக்கிளை மிதிக்கவே இல்லை, அது தானாக ஓடியது.

ஒரே ஒரு நிபந்தனை. அந்தக் கக்கூஸில் பினாயில் மட்டும் ஊற்றக் கூடாது. ஊற்றினால் தொட்டியில் வேலை செய்கிற கிருமி செத்துவிடும், அழுக்கு அப்படியே அழுகி நாறும்.

பத்து வருஷமாகக் கிருமியைக் கொல்லச் சொன்ன அதே வாயால் இப்போது கிருமியைக் காப்பாற்றச் சொல்ல வேண்டும். வீடு வீடாகப் போனேன். எஞ்சினுக்குக் கரி அள்ளிப்போடுகிற ஒரு ஃபயர்மேனின் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்ப கிருமிக்கும் சேத்து நாங்க சோறு போடணுமாய்யா?" என்று கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரி, நான் வெயிலில் சுற்றியதில் ஏதோ ஆகிவிட்டது என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை வீடு கழுவிய தண்ணீர் எங்கே போனது என்று நினைக்கிறீர்கள்? இடுப்பு வலிக்கச் சாக்கடைக்குத் தள்ளுவானேன், சங்கிலிதான் இருக்கிறதே.

சரி, அந்த வரிசைக்கு மட்டும் பினாயில் கொடுப்பதையே நிறுத்திவிடலாம் என்று ஆபீசுக்கு எழுதினேன். வாராந்தரப் பினாயில் விதியில் உள்ளது, விலக்குக் கிடையாது என்று பதில் வந்தது. ஆகவே வெள்ளிக்கிழமை காலை நானே டின்னோடு உட்கார்ந்து பினாயில் ஊற்றிக் கொடுப்பேன். சாயங்காலம் நானே போய் ஊற்றாதீர்கள் என்று கெஞ்சுவேன். இதைச் செய்துகொண்டு பைத்தியம் பிடிக்காமல் இருந்தேனே, அதுதான் ஆச்சரியம்.

நாலாம் மாதத்துக்குள் ஒன்பது வீட்டையும் ஒருவாறு வழிக்குக் கொண்டுவந்துவிட்டேன். கெஞ்சினேன், மிரட்டினேன், சங்கிலியைக் கழற்றிவிடுவேன் என்றேன். ஆனாலும் தொட்டி தேறவில்லை. கடைசியில் வருகிற தண்ணீர் கறுப்பாக, முட்டை அழுகிய நாற்றத்தோடு வந்தது. யாரோ இன்னும் ஊற்றுகிறார்கள். ஒரு நாள் காலை ஷிப்டுக்கு ஆண்கள் போன பிறகு தொட்டியின் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே குந்தினேன். கொஞ்ச நேரத்தில் கடைசி வீட்டுக் குழாயிலிருந்து பால் மாதிரி வெள்ளையாகத் தண்ணீர் வந்து விழுந்தது.

கடைசி வீடு, தண்டவாளம் மாற்றிவிடுகிற ஒரு பாயிண்ட்ஸ்மேனுடையது. அவன் மனைவி சின்ன வயசுக்காரி, அதிகம் பேசாதவள், அந்த வரிசையிலேயே அவள் வீடுதான் சுத்தம். போன மழைக்காலத்தில் வயிற்றுக்கடுப்பில் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்திருந்தாள். நான் கோபத்தோடு பின்வாசலுக்குப் போனபோது பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"ஏம்மா, ஒனக்கு எத்தன தடவ சொல்றது? தொட்டி செத்துப்போச்சு தெரியுமா?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, சத்தம் போடாமல் சொன்னாள். "எம்புள்ள போனப்ப நீங்கதான் வந்தீங்க. ரெண்டு மூடி பினாயில் ஊத்தியிருந்தா பொழச்சிருக்குமேன்னு சொன்னீங்க."

எனக்கு அது ஞாபகமே இல்லை. சொல்லியிருப்பேன். எழவு வீட்டில்கூடப் பாடம் நடத்துகிறவன்தான் நான். எத்தனை வீட்டில் இப்படிச் சொன்னேனோ.

"இப்ப மறுபடியும் வயித்துல இருக்கு. ஊத்தாட்டி இதுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்கய்யா. விட்டுடறேன்."

தொட்டி நன்றாக இருந்தால்தானம்மா உன் பிள்ளைக்கு நல்லது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஒன்பது வீட்டில் மனப்பாடமாகச் சொன்ன பேச்சு அது. ஆனால் அவள் கேட்டது உத்தரவாதம். போன தடவை ஒரு வார்த்தையைச் சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனவன், இந்தத் தடவை வாயைத் திறக்கப் பயந்தேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவள் ஊற்றிக்கொண்டுதான் இருந்தாள். நான் அதற்கப்புறம் அந்தப் பின்வாசல் பக்கம் போகவில்லை.

ஆறாம் மாதம் துரை வந்தார். குழாய் வாயில் குனிந்து பார்த்துவிட்டுக் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார். காரணம் கேட்டார், பினாயில் என்றேன். யார் என்றார், எல்லோரும்தான் என்றேன். இந்த மக்களுக்குச் சங்கிலிக் கக்கூஸ் ஒத்துவராது என்று அறிக்கை எழுதி என்னிடம் நீட்டினார். பினாயிலைக் கொடுத்ததும் இதே ஆபீஸ்தான், ஊற்றச் சொன்னதும் இதே ஓவர்சியர்தான் என்று அதில் ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கலாம். அவர் கேட்டிருப்பார், நல்ல மனுஷன். நான் சொல்லவில்லை, அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

தொட்டியை மண் போட்டு மூடினார்கள். அடுத்த வாரம் பத்து வீட்டுக்கும் புது வாளி வந்தது. கடைசி வீட்டுக்கு நானே கொண்டுபோய் வைத்தேன். அவளுக்கு அப்போது நிறைமாதம். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து, வாளிக்குள் ரெண்டு மூடி பினாயில் ஊற்றினாள். பிறகு நிமிர்ந்து, போதுமா என்று கேட்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். போதும் என்று தலையாட்டினேன்.