பெஞ்சுக்கு அடியில் மூன்று கட்டை

யுத்தத்தின்போது தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்களே, அந்த ஓசூர்ச் சின்ன ரயிலை அட்டையிலும் மரச்சீவலிலும் சின்ன மாதிரியாகச் செய்துகொண்டிருந்தார் ஓர் ஒல்லி மனிதர். காதில் எப்போதும் பென்சில். அந்த ரயிலில் போனவர் யார் கிடைத்தாலும் பிடித்துக்கொள்வார்.

ஒரு கிருத்திகையன்று கோயில் வாசலில் என்னைப் பிடித்தார்.

"மூணாங்கிளாஸ் பெஞ்சுக்கு அடியில குறுக்குக் கட்டை எத்தனைங்க? அது தெரியாம ஒரு மாசமா பெட்டி அரைகுறையா நிக்குது."

"மூணு. நடுக்கட்டையில ஆணி நீட்டிக்கிட்டு இருக்கும்," என்றேன்.

"அவ்வளவு சரியா எப்படிங்க தெரியும்?"

கூட வந்திருந்த என் மனைவி திரும்பிப் பார்த்தாள். சாமி எதிரில் பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

"டிக்கெட் வாங்காம அடியில படுத்துக்கிட்டு ஒருதரம் போனேன்."

"ஒருதரமா?" என்றாள் அவள்.

"ஏழெட்டுத் தரம். எல்லாம் தர்மபுரி முருகன் தேருக்குத்தான்."

ஒல்லி மனிதர் சிரிக்கவே இல்லை. "ஒருத்தர் மட்டும் சொன்னா எழுத மாட்டேனுங்க. இன்னொரு சாட்சி வேணும்."

தீபத்தட்டோடு வந்த பூசாரி சற்று நின்றார். "மூணுதான். ஆணியும் நெசம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஒல்லி மனிதர் பயபக்தியோடு எழுதிக்கொண்டார். சாணளவு பெட்டியில் பெஞ்சுக்கு அடியை யார் குனிந்து பார்ப்பார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.