சித்தி நன்மை வாங்கிய காலை

எங்கள் ஊர் ஆரல்வாய்மொழி. ஆனி, ஆடி மாதங்களில் கணவாய்க் காற்று எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்குள்ளும் புகுந்து பெண்களின் முக்காட்டைப் பறிக்கும். பூசையில் பாதி நேரம் எல்லாருக்கும் ஒரு கை தலையில்தான் இருக்கும். எனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது, நன்மை, அதாவது நற்கருணை, கொடுக்கும் நேரத்தில் எங்கள் பெஞ்சில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சுவோம். ஒன்று, இன்னும் முதல் நன்மையான புதுநன்மை எடுக்காத நான். மற்றது சித்தி, அம்மாவின் தங்கை.

மற்றவர்கள் எழுந்து வரிசையில் போய், சாமியார் கையிலிருந்து அப்பத்தை நாக்கில் வாங்கித் திரும்புவார்கள். சித்தி முழங்கால்களை ஒதுக்கி வழிவிட்டுவிட்டு, என் பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னுவாள். வாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் அது.

சித்தி நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தாள். சித்தப்பா பூதப்பாண்டிக்காரர், அய்யாவைக் கும்பிடுகிற அய்யாவழிக் குடும்பம். காற்றாடி கம்பெனியில் மெக்கானிக். நெற்றியில் வெள்ளை நாமம் இட்டுக்கொண்டுதான் காற்றாலைக் கோபுரத்தில் ஏறுவார். பஸ்ஸில் பார்த்துப் பழகியவர்கள். இரண்டு வீட்டிலும் ஒத்துக்கொள்ளவில்லை என்றதும் ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் முடித்துவிட்டார்கள். தாத்தா சித்தியைப் படியேற விடவில்லை. அம்மாதான் எங்கள் தெருவிலேயே வீடு பார்த்துக் கொடுத்தாள்.

திருச்சபைக்கு அது கல்யாணம் இல்லை. அப்படிச் சேர்ந்து வாழ்கிறவர்கள் பாவத்தில் இருக்கிறவர்கள், நன்மை வாங்கக் கூடாது. சித்தப்பா ஞானஸ்நானம் எடுத்தால் கல்யாணத்தைக் கோயிலில் மந்திரித்து, ஆசீர்வதித்துத் தருகிறேன் என்றாராம் அப்போதிருந்த சாமியார். "அவரை அவரு சாமிகிட்டயிருந்து பிரிச்சிட்டு எனக்கு ஒரு கல்யாணம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள் சித்தி. ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விட்டதே இல்லை. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தவை.

புதுநன்மை வகுப்பில் சிஸ்டர் பத்துக் கட்டளைகளை ராகம் போட்டுச் சொல்லித் தருவார். ஆறாவது, 'மோக பாவம் செய்யாதிருப்பாயாக.' பாவத்தில் அற்பப் பாவம், சாவான பாவம் என்று இரண்டு உண்டு. சாவான பாவத்தோடு செத்தால் நரகம். நான் எழுந்து, மோக பாவம் என்றால் என்ன என்று கேட்டேன். சிஸ்டர் ஏற்கெனவே துடைத்திருந்த போர்டை இன்னொரு முறை துடைத்தார்.

"அது பெரியவங்க காரியம். நீ பொய் சொல்லாம இருந்தா போதும்."

பக்கத்தில் இருந்த பிள்ளை என் காதுக்குள் சொன்னாள்: "உன் சித்தி செய்யதுதான் அது. எங்கம்மா சொன்னாவ."

அன்று சாயங்காலம் நேரே சித்தி வீட்டுக்குப் போனேன். அடுக்களையில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"சித்தி, நீங்க நரகத்துக்கா போவிய?"

அவள் கோபப்படவில்லை. கையைக் கழுவித் துடைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கோயில்ல இதைப் பாவம்னுதான் சொல்லுவாவ மக்கா. அதனாலதான் நான் நன்மை வாங்கல்ல."

"சித்தப்பா கூட இருக்கது பாவமா?"

"எனக்கு அப்படித் தோணல்ல."

"பின்ன போய் வாங்க வேண்டியதுதானே?"

"எனக்குத் தோணல்லன்னு நானே தீர்ப்புச் சொல்லிட்டு நாக்கை நீட்ட மனசு வரல்லட்டி. ஆண்டவர் அந்த அப்பத்துல உண்டுன்னு நம்புகேன். அதனாலதான் எழும்பாம இருக்கேன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பொரித்த சாளை இரண்டைத் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

வெள்ளை கவுனும் தலையில் பூக்கிரீடமுமாக நான் புதுநன்மை எடுத்துத் திரும்பியபோது, சித்தி குனிந்து கேட்டாள்: "எப்படிட்டி இருந்துச்சு?"

"மேலண்ணத்துல ஒட்டிட்டு சித்தி."

முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அடுத்த ஞாயிறு முதல் நானும் வரிசையில் போனேன். திரும்பி நடந்து வரும்போது தூரத்திலிருந்தே அவள் தெரிவாள். அந்த நீளப் பெஞ்சில் ஒற்றை ஆளாக, மடியில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, பீடத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். என் தலையைப் பின்னிவிட ஆளில்லை என்பதைவிட, பின்னுவதற்கு அவளுக்கு ஒரு தலை இல்லை என்பதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது.

அடுத்த வருடம் புதுச் சாமியார் ஒருவர் வந்தார். வீடு வீடாகப் போய்ப் பார்த்தவர், சித்தி வீட்டுக்கும் வந்தார். நானும் அங்கே இருந்தேன். வேலை முடிந்து வந்திருந்த சித்தப்பாவே டீ போட்டுக் கொடுத்தார்.

"கோயில்ல ஏன் கெட்டல்ல?" என்று கேட்டார் சாமியார்.

"நான் நாமத்தை அழிக்கணும்னாவ. அது நடக்காது சாமி."

"ஆரு அழிக்கச் சொல்லுகா? பிஷப்புகிட்ட அனுமதி வாங்கலாம். நீங்க உங்க வழியிலயே இருங்க. பிள்ளைய பிறந்தா ஞானஸ்நானம் குடுக்கதுக்கு தன்னால ஆனதைச் செய்வேன்னு இவ வாக்குக் குடுக்கணும். அது உங்களுக்கும் தெரிஞ்சிருக்கணும், அவ்வளவுதான்."

சித்தப்பா சொன்னார்: "பிள்ளையளுக்கு அய்யாவைக் கும்பிடவும் நான் சொல்லிக் குடுப்பேன்."

"நீங்க மறைச்சு வைக்காம சொன்னியளே, அது கொள்ளாம், நல்லதுதான்" என்று சாமியார் மீதி டீயைக் குடித்தார். சித்தி அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அனுமதி வந்தது. ஒரு வேலைநாள் காலை, பூசைக்கு முன்னால் கல்யாணம். அதற்கும் முன்னால் சித்தி, சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனக் கூண்டில் வெகுநேரம் முழங்காலில் இருந்தாள். அம்மாவும் அப்பாவும் சாட்சி. சித்தப்பா வேலைக்குப் போகிற சட்டையில், நெற்றியில் நாமத்தோடு நின்றார். சம்மதமா என்று சாமியார் கேட்டதும், "நான் அண்ணைக்கே கெட்டினதுதான் சாமி. இவளுக்காச்சுட்டி எத்தனை தடவைன்னாலும் கெட்டுவேன்" என்றார்.

"சம்மதம்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"சம்மதம்."

பிறகு பூசை நடந்தது. நன்மைக்கு எல்லாரும் சித்தியை முன்னே விட்டார்கள். வாங்கித் திரும்பியவள் முழங்காலிட்டு முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள். காற்று முக்காட்டைத் தள்ளிவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த சித்தப்பா அதை எடுத்து, கோணலாக அவள் தலையில் போட்டுவிட்டார்.

தாத்தா வரவில்லை. அம்மா அவருக்குக் கேக் கொண்டுபோனாள். முழுவதையும் தின்றுவிட்டு, "சீனி கூடிப்போச்சு" என்றாராம். அடுத்த மாதம் சித்தி அந்த வீட்டுப் படி ஏறினாள்.

போன கிறிஸ்மஸுக்கு ஊருக்குப் போயிருந்தேன். சித்தியும் நானும் முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது கேட்டேன், கோயிலில் கட்டியதற்கு முன்னும் பின்னும் ஏதாவது வித்தியாசம் இருந்ததா என்று.

"உண்டும்" என்றாள் உடனே. "முந்தி ஜெபம் சொல்லும்போ 'நான்'னுதான் வரும். அண்ணையிலயிருந்து 'நாங்க'ன்னு வந்துட்டு."

முன்னறையில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று குரல் கொடுத்தார். இன்னும் இல்லை என்றாள் சித்தி.